டிரம்முக்குப் போர்த்திய கம்பளி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். ஆபரேஷன் செய்த இடத்தில் அப்பாவுக்கு வலி குறைந்ததா? வாய்க்குப் பிடித்துச் சாப்பிடுகிறாரா?

முந்தாநாள் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கரண்ட் போய், ஹீட்டர் நின்றுவிட்டது. சுத்திகரித்த சாக்கடைக் கசடிலிருந்து பயிருக்கான சத்தைப் பிரித்துத் தரும் மண் நுண்ணுயிர்களை டிரம்மில் வளர்க்கிறேன் அல்லவா? அவற்றுக்குக் குளிர் ஆகாது. நீ அனுப்பிய கம்பளியை டிரம்மில் சுற்றிவிட்டு, தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எல்லாம் பிழைத்துக்கொண்டன. கம்பளிதான் நாறுகிறது, திட்டாதே.

எங்கள் மேடம் பார்த்துச் சிரித்தார்.

"பெத்த புள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதிரில்ல உக்காந்திருக்கே! ஆமா, அப்பா எப்படி இருக்கார்? ஊருக்குப் போகணும்னா போயேன், இதை நான் பாத்துக்க மாட்டேனா?"

என்னால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லீவு தரமாட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேனே, அம்மா, நான் கேட்கவே இல்லை. வேலையை விட்டுவர மனசு வரவில்லை. அப்பா நெற்றியில் ஒருமுறைகூடக் கை வைத்துப் பார்க்காதவள், டிரம்மைத் தடவிக்கொண்டிருந்தேன். போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

இன்று கேட்டேன். உடனே கொடுத்துவிட்டார். மாதக் கடைசியில் வருகிறேன். அப்பாவிடம் உண்மையை நானே சொல்கிறேன். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பாய் போட்டு வை.

உன் மகள்