கொதிக்க எடுக்கும் நேரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலம்தானே? முட்டிவலிக்கு மாத்திரையை விடாமல் போடுங்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

விடுமுறை நாட்களில் அறையில் விதவிதமாகத் தேநீர் போட்டுப் பார்க்கிறேன். பச்சைத் தேயிலை கசக்கிறது. மல்லிகை கலந்தது சோப்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. நம் வீட்டுத் தூள்கூடச் சரியாக வருவதில்லை. அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கிறேன். ஒன்று, சீக்கிரமே இறக்கிவிடுகிறேன். இல்லையென்றால் மறந்தே போகிறேன்.

நேற்று பாத்திரம் தீய்ந்துவிட்டது. பயப்படாதீர்கள், வெறும் புகைதான். கீழ்வீட்டுத் தையல்கார அக்கா ஓடிவந்தார்.

“டீ போடுறியா, வீட்டைக் கொளுத்துறியாடி?”

“ரெண்டும்தான்க்கா.”

சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார். இன்னும் கொஞ்சம் நின்று திட்டியிருக்கலாம்.

அப்போதுதான் புரிந்தது. நீங்கள் தேநீரை அடுப்பில் ஏற்றிவிட்டுச் செய்தித்தாளைத் திட்டத் தொடங்குவீர்கள். திட்டி முடிக்கும்போது தேநீர் பதமாகியிருக்கும். இங்கே அப்படி ஒரு குரல் இல்லை.

வேலைக்குக் கிளம்ப வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பழைய வடிகட்டியை அனுப்பிவையுங்கள். ஞாயிறு காலை அடுப்பைப் பற்றவைத்ததும் உங்களைப் போனில் கூப்பிடுகிறேன். அதுவரை செய்தித்தாளைப் பிரிக்காதீர்கள். நிதானமாகவே திட்டுங்கள், எனக்கு அவசரமில்லை.

உங்கள் மகள்