என் பஸ்ஸை எடுத்துக்கொண்டு உன்னைப் புகழ்கிறார்கள்

என் நெஞ்சுக்கு நெருங்கிய, என்னோடு ஒரு நாளும் ஒத்துப்போகாத மச்சான் சுலைமானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ மௌத்தாகி ஒரு நோன்பு மாதமும் கழிந்துவிட்டது. இந்தப் பக்கத்துச் சேதியை உனக்கு யார் சொல்லப்போகிறார்கள்? நானே சொல்கிறேன். பஸ்களையெல்லாம் அரசாங்கம் எடுத்துவிட்டது. என் பஸ்ஸும் போய்விட்டது. நீ கேட்டது அப்படியே நடந்திருக்கிறது. சந்தோஷத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. பொறாமையில் எழுதுகிறேன்.

கல்முனைக் கடைத்தெருவில், உன் தையல் கடை வாசலில், நாம் போடாத சண்டையா? மெஷினை மிதிப்பதை நிறுத்தாமலே கேட்பாய்.

“ரோட்டு ஆர் போட்ட, இஸ்மாயில்? எல்லார்ட காசிலயும் அரசாங்கம் போட்ட. அதுல ஓடுற பஸ் மட்டும் என்னத்துக்கு உன்ட?”

“டயர் வெடிச்சா மாத்துறது நான். விடியச் சுபஹுக்கு எழும்பி எஞ்சினத் துடைக்கிறதும் நான். சொந்தமெண்டாத்தான் மனுசன் கவனமாப் பார்ப்பான், மச்சான்.”

“லாபம் வாற ஊருக்கு மட்டும் ஓடுவீங்க. சொறிக்கல்முனைப் பக்கத்து வெள்ளாமைக்காரன் சாக்கத் தூக்கிட்டு நடந்து வரணும். இதுதானே உங்கட முதலாளித்துவம்?”

“ரெண்டு பேருக்காக எண்ணெய் எரிக்க ஏலுமா? உன்ட சமதர்மம் வந்து எண்ணெய் ஊத்துமா?”

நான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் சுற்றி நின்றவர்கள் உன் பேச்சுக்குத்தான் தலையாட்டினார்கள். எதிர்க்கடையிலிருந்து நீ கேட்காமலே உனக்குத் தேத்தண்ணி வரும். நான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் ஜனாஸாவுக்கு வந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பாண்டிருப்பிலிருந்தும் காரைதீவிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். நான் அழுதுகொண்டுதான் உன்னை வைத்த சந்தூக்கைத் தோளில் சுமந்தேன். அந்த அழுகைக்கு நடுவிலும், எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று ஒரு நினைப்பு ஓடியது. அதை யாரிடம் சொல்ல முடியும்?

பஸ்ஸை ஒப்படைத்த அன்று வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். அடுப்படியில் தேங்காய்ப்பாலும் சக்கரையும் மணந்தன. உன் தங்கை ஸைனப் பெரிய சட்டியில் சக்கரைச்சோறு கிண்டிக்கொண்டிருந்தாள்.

“ஆருக்குகா இது?” என்றேன்.

“என்ட காக்காட பேரில பக்கத்து வீடுகளுக்குக் குடுக்கப்போறன். அவர் கேட்டது நடந்த நாள்.”

“என்ட பஸ் போன நாள்கா இது!”

“ரெண்டும் ஒரே நாளில வந்தா நான் என்ன செய்ய?” என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கண்ணீரில் எனக்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவு? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அவளிடம் கேட்கத் தைரியம் இல்லை.

என்னை டிரைவராக எடுத்துக்கொண்டார்கள். பஸ் அதேதான், நிறம் மட்டும் வேறு. போன மாதம் கியர் இறுகிவிட்டது. முந்தி என்றால் ஒரு காலைப்பொழுதில் சரிசெய்து ரோட்டுக்கு எடுத்திருப்பேன். இப்போது மேலிடத்து உத்தரவு வரும்வரை தொடக்கூடாதாம். பஸ் வெயிலில் நின்றது, சனம் ரோட்டில் நின்றது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். இதை உன்னிடம் சொல்ல வேண்டுமென்று வேகமாக நடந்தே போய்விட்டேன். உன் கடையில் வேறு ஒருவன் உட்கார்ந்து குடை திருத்திக்கொண்டிருந்தான். தோற்றுப்போக நீ அங்கே இல்லை, மச்சான்.

அதில்தான் எனக்கு ஆகப்பெரிய பொறாமை. நீ நம்பினதை நம்பினபடியே கொண்டுபோய்விட்டாய். அதில் ஒரு கீறல் விழவில்லை. உயிரோடு இருப்பவன் ஒவ்வொரு நாளும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது சொறிக்கல்முனைப் பக்கத்துக்கும் பஸ் ஓடுகிறது. ஓட்டுவது நான். போன கிழமை நல்ல மழை. பூசணிக்காய்ச் சாக்கோடு ஒரு வயசான வெள்ளாமைக்காரர் மட்டும் ஏறியிருந்தார். வயல் ரோட்டில் பாதி வழி போனதும் கொண்டக்டர், “ஒரு ஆள்தான். இறக்கிட்டுத் திருப்புவமா?” என்று கேட்டான். நான் திருப்பவில்லை. உத்தரவுக்குப் பயந்தா, உனக்குப் பயந்தா? தெரியவில்லை.

இறங்கும்போது அந்த மனுசன் பஸ்ஸைத் தட்டிக்கொடுத்தார். “சுலைமான் தம்பி எங்களுக்காகக் கேட்ட பஸ் இது.”

அங்கேயும் நீதானா? எனக்குப் பொறுக்கவில்லை. “இது என்ட பஸ், ஐயா! நான் வாங்கின பஸ்!” என்று கத்தியே விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “ஓம் தம்பி, தெரியும். முந்தியும் நீங்கதானே ஓட்டின. இஞ்சாலப் பக்கம்தான் வரல்ல.”

நான் எஞ்சினை நிறுத்தினேன். இறங்கிப்போய்ச் சாக்கின் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு பேருமாக மழையில் அவர் வீட்டு வளவு வரைக்கும் கொண்டுபோய் வைத்தோம்.

நீ ஜெயித்துவிட்டாய் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஆளின் டிக்கட்டில் பஸ் ஓடாது. அந்த எண்ணெய்க்கு யாரோ ஒருவர் எங்கேயோ கொடுக்கத்தான் வேண்டும். அதற்கு நீ ஒரு நாளும் எனக்குச் சரியான பதில் சொன்னதில்லை. ஆனால் அந்த மனுசன் சொன்னதற்கும் என்னிடம் பதில் இல்லை. அதற்கு என்ன செய்வேன்?

ஒரு வாக்குத் தருகிறேன். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் உன் கபுறடிக்கு வருவேன். ஸலாம் சொல்லி, துஆக் கேட்டு, நாட்டு நடப்பையும் சொல்வேன். பஸ் நின்றுபோன கதையை ஆசை தீரச் சொல்வேன். பஸ் ஓடிய கதையையும், மனசு எரிந்தாலும், ஒளிக்காமல் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டி, அவள் மனசில் இன்னும் உனக்கு அடுத்த இடத்திலேயே இருக்கும்
மச்சான் இஸ்மாயில்