மேகலாவின் பசிக்கு ஒரு பெயர் கிடைத்தது

என் கண்ணு மேகலாவுக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். நல்ல சேதியா, கெட்ட சேதியா என்று எனக்கே தெரியவில்லை. உன் பசி உன் தப்பில்லையாம். நம் ரத்தத்திலேயே இருந்த கோளாறாம்.

எனக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள். யாழினி. பிறந்த பத்தாம் நாளே வயிற்றுப்போக்கு. குடித்த பால் அப்படியே போனது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் குளுக்கோஸ் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "மேகலாவுக்கும் இப்படித்தான ஆச்சு" என்று தனக்குத்தானே சொன்னாள். டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார்.

"மேகலா யாருங்க?"

போனில் உன் படத்தைக் காட்டினேன். பல்லடத்துக் கல்யாணத்தில் எல்லாருக்கும் பின்னால், பெருத்த உடம்பில் பாதியை மறைத்துக்கொண்டு நிற்பாயே, அந்தப் படம். அவர் கேட்டுக்கொண்டே போனார். எப்போது பெரிய மனுசி ஆனாள்? கடைசி வரைக்கும் ஆகலீங்க. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் கை நடுங்குமா? நடுங்குமுங்க. எப்படி இறந்தாள்? அதற்கு மட்டும் காய்ச்சல் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று அவர் விளக்கினார். ஹார்மோன்கள் முதலில் நீளமாகத்தான் உருவாகுமாம். அவற்றை வெட்டி வேலைக்கு ஆக்குவது ஒரு நொதி. அதற்கான மரபணு யாழினிக்குப் பழுது. உனக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார். "பனியன் கம்பெனியிலதானுங்க இருக்கீங்க? துணி ரோல் ரோலா வந்து கெடக்குது, கட்டிங் மாஸ்டர் வரலைன்னா? அப்படித்தான்." வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் வெட்டுப்படாமலே கிடக்கும். சர்க்கரையைச் சமாளிப்பதும், பெண்ணைப் பெரியவளாக்குவதும், காய்ச்சலைத் தாங்க வைப்பதும் அப்படியே.

நம் அம்மாவும் அப்பாவும் சொந்தத்தில் கட்டியவர்கள். நானும் மாமா மகனைத்தான் கட்டினேன். அந்தப் பழுது பெற்றவர்கள் எங்களிடம் பாதியாகத்தான் இருந்தது, எங்களை ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பாதியும் சேர்ந்த பிள்ளையைத்தான் பிடித்துக்கொண்டது.

உன்னைக் கூட்டிக்கொண்டு எத்தனை டாக்டரிடம் போனோம்! எல்லாரும் "சோத்தைக் குறைங்க" என்றார்கள். சமையலறைக்குப் பூட்டு வாங்கி வந்தது நான்தான். என் கம்பெனிக்கே நீ நூல் பிசிறு வெட்டும் வேலைக்கு வந்த வாரமே ஸ்டூல் உடைந்து விழுந்தாய். தையல் லைனே சிரித்தது. நான் தையலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. பார்த்தாய்தானே?

காய்ச்சலின் மூன்றாம் நாள் மத்தியானம், வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தாய். "தலை சுத்துதக்கா, இனிப்பா ஏதாச்சும் குடு" என்றாய். "காய்ச்சல்லயும் திங்கற நெனப்புத்தானா உனக்கு?" என்றேன். "உடு, ரண்டு நாளைக்கு வாயைக் கட்டுனா ஒடம்பு எறங்கும்" என்றாள் அம்மா. நான் ஷிப்டுக்குப் போய்விட்டேன். டீ பிரேக்கில் போன் வந்தது.

இதையும் பிறகு டாக்டரம்மாவிடம் சொன்னேன். காய்ச்சலைத் தாங்க உடம்புக்கு வேண்டிய கார்ட்டிசால் என்கிற ஹார்மோன் உனக்குச் சுரந்திருக்காது, சர்க்கரையும் இறங்கியிருக்கும் என்றார். "அப்ப அந்த ஹார்மோனை மாத்திரையா குடுத்திருந்தா?" என்று கேட்டேன். அவர் யாழினியின் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். நீயாவது சொல்வாயா?

யாழினிக்கு இப்போது ஒன்றரை வயது. வயிற்றுப்போக்கு நின்றது, பசி தொடங்கியது. கிண்ணத்தை எடுத்தால் என் கையைக் கடிக்கிறாள். "புள்ள கொழுகொழுன்னு தேறிருச்சு" என்று மாமியார் அக்கம்பக்கத்தில் காட்டுகிறார். காய்ச்சலில் போய்விடாமல் காக்க மாத்திரை இருக்கிறது. பசிக்கு இல்லை. வெளிநாட்டில் ஏதோ ஊசி இருக்கிறதாம். "அது உங்க கைக்கு வர வழி எனக்குத் தெரியலீங்க, வீணா ஆசை காட்ட மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என் வீட்டுக்காரர். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சே குறைந்துவிட்டது.

உனக்குத் தெரியாமல் செய்ததை இவளுக்குத் தெரிந்தே செய்யப்போகிறேன், மேகலா. அளந்துதான் போட வேண்டும். கேட்கக் கேட்க இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாளா, இரண்டு நாளா?

நேற்று அவள் வீறிட்டபோது அம்மா, உன்னைத் தீனிப்பண்டாரம் என்று திட்டிய பழைய பழக்கத்தில் "தீனிப்பண்..." என்று வாயெடுத்தாள். பாதியில் நின்றுவிட்டது. புறவாசலில் துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்து அழுதாள். நான் தேற்றப் போகவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். யாழினி பசிக்குது என்று சொன்னால், கொடுக்க முடியாத நேரத்திலும், பொய் சொல்கிறாள் என்று சொல்ல மாட்டேன். அழுது ஓயும்வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன்னை ஒரு தடவைகூட நம்பாத,
உன் அக்கா