வைஷு மெல்லுவதில்லை

கணேஷ் அத்தான்,

நான் கழக்கூட்டம் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன். இன்று குழந்தைகள் காப்பகம் லீவு, வைஷுவுக்கு மதியம் நீங்கள்தான் சோறு ஊட்ட வேண்டும்.

நேற்று டாக்டர் மலையாளத்தில், "மோள் நல்லா சவச்சுத் தின்னுமோ?" என்று கேட்டதும், "எல்லாம் மெல்லுவா" என்று பட்டென்று சொன்னீர்களே, எப்போது பார்த்தீர்கள்? மூன்று வயதாகியும் இட்லியைக்கூடக் கன்னத்தில் அடக்கி, தண்ணீர் குடித்து விழுங்குகிறாள். கேட்டால், "பல்லுதான் முழுக்க இருக்கே" என்கிறீர்கள். பல் இருந்தால் போதுமா? நீங்கள்தான் எல்லாவற்றையும் அரைத்துக் கொடுக்கிறீர்களே!

மிக்ஸி ஜாரை ஒளித்துவைத்திருக்கிறேன், தேட வேண்டாம். டிவியை அணைத்துவிட்டு அவள் எதிரே உட்காருங்கள். நன்றாக வேகவைத்த கேரட் இருக்கிறது. நீங்கள் ஒரு துண்டு மென்று காட்டுங்கள்.

கௌசல்யா

மென்றால் உடனே போன் பண்ணுங்கள். மீட்டிங்கில் இருந்தாலும் எடுப்பேன்.

துப்பினாலும் பண்ணுங்கள். திட்ட மாட்டேன்.