இன்னும் பேசாதவள்

அன்புள்ள செயலாளர் அம்மாவுக்கு,

பெற்றவள் எழுதுகிறேன். விடுதிச் சங்கம், கூட்டம் என்று அலைந்துகொண்டு பட்டினி கிடக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பாதத்துப் புண்தான் ஆறவில்லை. வியாழக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள். பஸ் ஓட்டியே நம்மைக் காப்பாற்றிய கால்.

போன வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்ததுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. காலை எடுக்கவே கூடாது என்று பெரியப்பா, எடுத்தே தீர வேண்டும் என்று மாமா. ஆளுக்கு ஆள் நாட்டாமை. நீ குரலை உயர்த்தவே இல்லை. "கால் அப்பாவோடது. அவரு இன்னும் பேசலையே" என்று சொல்லி எல்லோரையும் அவர் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். "எடுத்துடுங்க, நான் உயிரோட இருக்கணும்" என்றார். அதற்கப்புறம் பெரியப்பாவே போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற என் பெண்ணா இவள் என்று மலைத்துப்போனேன். எங்கே பழகினாய் என்று கேட்டதற்கு, விடுதிச் சங்கக் கூட்டத்தில் வாய் திறக்காதவளைத்தான் முதலில் பேச விடுவோம் என்றாய்.

அப்படிப்பட்டவள், விடுதிக்குத் திரும்பிய கையோடு, சங்கப் பொறுப்பை விட்டுவிட்டு, படிப்பையும் ஒரு வருடம் நிறுத்திவிட்டு வீட்டோடு வந்துவிடுவதாக எழுதியிருக்கிறாய். யாரைக் கேட்டு முடிவு செய்தாய்? அவரைத் தூக்கி உட்கார வைக்கப் போகிறவள் நான். என்னை யாரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை.

உன் விடுதியிலிருந்து ஒரு சின்னப் பெண் போன் செய்தாள். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக விடுதிக்கு ஒரு வண்டி வேண்டுமென்று கல்லூரி முதல்வரைப் பார்க்கப் போகிறீர்களாமே. "அக்கா இல்லன்னா எங்கள்ல யாரும் வாயே திறக்க மாட்டோம்" என்று அழுதாள். எனக்கு அதில் பெருமை வரவில்லை, கவலைதான் வந்தது. நீ இல்லாவிட்டாலும் அவர்கள் பேச வேண்டாமா? அந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டா வருவாய்?

தையல் கடையில் அரை நாள் வேலை கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்கள். அப்பாவைக் குளிப்பாட்ட மாமா வருவார். சமாளித்துக்கொள்வேன். கஷ்டமாக இருக்காது என்று பொய் சொல்லவில்லை.

ஆகவே இப்போது நான் பேசுகிறேன். பொறுப்பை விடாதே, படிப்பை விடாதே. வியாழக்கிழமை மட்டும் வந்துவிட்டுப் போ. அன்றைக்கு அப்பாவைப் பார்த்துக்கொள்ள எல்லோரும் இருப்பார்கள். நீ என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு.

உன் அம்மா