தமிழில் சொல்லவில்லை

11 ஜூன் 2006, ஞாயிறு

தர்ஷினியைச் சேலம் பள்ளி விடுதியில் விட்டுவிட்டு வந்தேன். ஓசூரில் பிளஸ் ஒன் படிக்கவே மாட்டேன் என்றுவிட்டாள். பள்ளி ஆண்டு விழாவில் அவள் பரிசு வாங்க மேடை ஏறியபோது அவள் அப்பனும் பின்னாலேயே ஏறினான். மைக்கைப் பிடுங்கி, "எம் பொண்ணு, எம் பொண்ணு" என்று கத்தி, குத்துவிளக்கோடு சேர்ந்து விழுந்தான். அவன் கம்பெனி ஆட்கள் பாதிப் பேர் குடும்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"லீவுக்கும் வர மாட்டேம்மா. நீ வந்து பாத்துட்டுப் போ."

வாயால் 'ஏங்க' என்றுதான் கூப்பிடுகிறேன். இங்கே எழுதும்போது அவன்தான்.

15 ஜூன்

நான் வேலை பார்க்கும் பண்ணையில் ரோஜா தரம் பிரிக்கிற கருப்பாயி மதியம் என் மேஜைக்கு வந்தாள்.

"எம் மாமன் குடிய வுட்டு ஒரு வருசம் ஆவுதுக்கா. ஞாயித்துக்கெழம கூட்டத்துக்குப் போவுது. அங்க எந்திரிச்சு நின்னு, நான் குடிநோயாளின்னு சொல்லணுமாம்."

"எல்லார் முன்னாலயுமா?"

"ஆமாக்கா. நான் பாத்திருந்தா சிரிச்சே இருப்பேன்."

அது போதும் எனக்கு. திருந்துவதெல்லாம் அப்புறம். முதலில் எழுந்து நிற்கட்டும். ஜனங்கள் முன்னால், தெளிந்த தலையோடு.

18 ஜூன், ஞாயிறு

கருப்பாயி சொன்ன தெருவில் மேலும் கீழும் நடந்தேன். போர்டு எதுவும் இல்லை. கடைசியில் ஒயின்ஷாப் வாசலில் சுண்டல் விற்பவரிடம் கேட்டேன். தலை தூக்காமலே எதிர்மாடியைக் காட்டினார். "அதாங்க. என்கிட்ட சுண்டல் வாங்குனவங்கதான் பாதிப் பேர் அங்க ஏறுறாங்க."

படியில் திம்மராயன் என்ற பெரியவர் நின்றிருந்தார். கூட்டத்தை அவர்தான் பார்த்துக்கொள்கிறாராம்.

"உங்களுக்காம்மா?"

"எனக்கா? வீட்டுக்காரருக்கு! எழுந்து நின்னு சொல்ல வைப்பீங்கள்ல?"

"வைக்க மாட்டோம்மா. அவருக்கே தோணுனா சொல்லுவாரு."

சப்பென்று ஆகிவிட்டது. குடும்பத்தார் உட்கார்ந்து கேட்பது மாதக் கடைசி ஞாயிறு மட்டுமாம். காத்திருக்கிறேன். காத்திருப்பது எனக்குப் பழக்கம்தானே.

30 ஜூன்

கம்பெனியில் அவனுக்குக் கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். கூட்டத்துக்குப் போகச் சம்மதம்.

"கிருஷ்ணகிரிலயும் நடக்குதாமே, செல்வி. அங்க போயிடறேன். இங்கன்னா எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி."

"தெரிஞ்ச மூஞ்சிதான் வேணும்" என்றேன்.

16 ஜூலை

மூன்றாவது வாரமும் போய் வந்தான். குடிப்பதில்லை. எனக்குக் கோபம் குறையவில்லை, ஏறுகிறது — இவ்வளவு சுலபமா? அப்படியானால் இத்தனை வருடமும்?

23 ஜூலை

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் பேசுகிறேன் என்று அவனே சொல்லிவிட்டான். விடுதிக்குப் போன் செய்தேன்.

"உங்கப்பா எல்லார் முன்னாலயும் நிக்கப்போறாரு. வந்து பாரு."

"நின்னா எனக்கென்ன?"

"அன்னிக்கு மேடையில உன்னைத் தலைகுனிஞ்சு நிக்க வெச்சாரில்ல?"

"சரி. சாயந்தரமே திரும்பிடுவேன்."

30 ஜூலை, ஞாயிறு

முன்வரிசையில் உட்கார்ந்தோம். அவனோடு வேலை செய்யும் இரண்டு பேர் எங்களுக்குப் பின்னால் இருந்தார்கள். மனசுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

எழுந்தான். எங்களைப் பார்த்தான்.

"நா பேரு சிவராஜ்."

முதல் வார்த்தையிலிருந்தே எல்லாம் தெலுங்கு!

அவன் வீட்டுப் பேச்சு அது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் என்னைப் பற்றிப் பேசியதெல்லாம் அதில்தான். என்னை ஏசுகிற மொழி எனக்கெதற்கு என்று வீம்பாகக் கற்றுக்கொள்ளாமலே இருந்தேன். தர்ஷினிக்கு நன்றாக வரும்.

வெகுநேரம் பேசினான். யாரோ சிரித்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தர்ஷினி ஒரு இடத்தில் பக்கென்று சிரித்து, பிறகு துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் மட்டும் மரம் மாதிரி.

"என்னடி சொன்னாரு?"

"அப்புறம்மா."

கை தட்டினார்கள். இவனுக்கு! நான் தட்டவில்லை.

31 ஜூலை

அவள் நேற்றுப் போகவில்லை. காலையில் அவன் தட்டில் சட்னி ஊற்றினாள், கேட்காமலே.

"அது அவரு சொன்னதும்மா. நான் திருப்பிச் சொன்னா வேற மாதிரி ஆயிடும்" என்கிறாள்.

பெண்ணை வரவழைத்தது நான். பேசித் தன் பக்கம் இழுத்துக்கொண்டது அவன். இதற்கா மாடி தேடி அலைந்தேன்?

3 ஆகஸ்ட்

"ஏன் தமிழ்ல சொல்லல?"

"உனக்குப் புரிஞ்சிருக்குமே, செல்வி."

வேண்டுமென்றே செய்திருக்கிறான். திருடன்.

20 ஆகஸ்ட்

திம்மராயன் போன் செய்தார். அடுத்த வாரம் குடும்பத்தாரும் பேசலாமாம். "நீங்க பேசறீங்களாம்மா?"

பேசுகிறேன். தமிழில். அவனுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரியும்.

27 ஆகஸ்ட், ஞாயிறு

பேசிவிட்டேன். மைக், குத்துவிளக்கு, பள்ளி வாசலில் ஆட்டோக்காரர் அவனை ஏற்ற மறுத்தது, தர்ஷினி அந்தப் பரிசை வீட்டுக்கு எடுத்து வராமலே விட்டது — எதையும் விடவில்லை. 'குடிநோயாளி' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. குடிகாரன் என்றேன். திம்மராயன் திருத்தவில்லை.

அவன் எழுந்து ஓடுவான், அதை எல்லாரும் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஓடவில்லை. குனியவும் இல்லை. நான் முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் கை தட்டவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

கீழே இறங்கியதும் சுண்டல் இரண்டு பொட்டலம் வாங்கி, ஒன்றை நீட்டினான். மன்னிக்கவில்லை நான். சுண்டலை வாங்கிக்கொண்டேன்.

"அன்னிக்குத் தெலுங்குல என்னதான் சொன்னீங்க?"

வண்டிச் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டார். ஒயின்ஷாப்புக்கு எதிரிலேயே நின்று, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். தமிழில்.