அடுத்த வரியையும் படிக்க விடுங்கள்

இன்று காலை ஸ்டாஃப் ரூமில் புதுக் கைடுகள் வந்த கட்டைப் பிரித்தார்கள். பசையும் மையும் கலந்த அந்த வாசனை வந்ததுமே எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். நீ இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பாய். "இந்த நாத்தத்துக்கு கம்பெனிப் புகையே தேவலாம்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லியும் இருப்பாய். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நான் தள்ளிய வேகத்தில் ஜன்னல் கதவு சுவரில் போய் மோதியது. தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும்.

நீ இல்லாமல் பள்ளி திறந்திருக்கும் முதல் வருஷம் இது. ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் ஆங்கிலம் இன்றிலிருந்து என்னிடம் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொன்னாலும், "உடுங்க டீச்சர், வேலை மிச்சம்" என்பார்கள். நீ ஒருத்திதான் என்னோடு சேர்ந்து பல்லைக் கடிப்பாய்.

நாம் இரண்டு பேரும் இங்கே ஆங்கிலம் நடத்த வந்த புதிதில் ஊரோடு ஒத்துத்தான் போனோம். பாடத்தில் வரும் கடினச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், ஒப்பிப்பார்கள், மறப்பார்கள். பள்ளிக்குள் நீ எனக்கு 'டீச்சர், வாங்க, போங்க'. காலையில் பொன்னேரியில் ரயில் ஏறும்போது 'ஏய்'. அப்படி ஒரு நாள் லேடீஸ் பெட்டியில் மடியில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவள் சட்டென்று பேனாவை மூடினாய்.

"ஏய், சிப்காட் ரோட்ல டீக்கடை வச்சிருக்கிறவங்க பொண்ணு நம்ம கிளாஸ்ல கீது இல்ல? நேத்து பாத்தேன். பீகார்ல இருந்து வந்த ஆளுங்க இந்தில பேசினா, எல்லாம் புரிஞ்சிக்கினு டீ போட்டுக் குடுக்குது. அதுக்கு யாரு மீனிங் எழுதிப் போட்டது?"

பள்ளிக்காகக் கும்மிடிப்பூண்டியில் இறங்குவதற்குள் நம் முறை பிறந்துவிட்டது. தெரியாத சொல்லைக் கட்டைவிரலால் மூடு. அந்த இடத்தில் உனக்குத் தெரிந்த சொல் ஒன்றை வை. வரி நடக்கிறதா பார். பிறகு அடுத்த வரியைப் படி. அது உன் சொல்லை ஏற்றுக்கொண்டால் சரி, முறைத்தால் வேறு சொல் வை. மாற்றுவதில் வெட்கம் இல்லை. "கட்டைவிரல் கை நாட்டு வைக்க மட்டும்தானா?" என்று பிள்ளைகளைக் கிண்டல் செய்வாய்.

அந்தக் கல்வி அதிகாரி வந்த நாள் உனக்கு நிச்சயம் மறந்திருக்காது. உன் வகுப்பை மேற்பார்வை பார்க்க வந்திருந்தார். நானும் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். புதிதாக ஒரு பத்தியை அவரே எடுத்துக் கொடுத்தார். ஒரு விவசாயி தன் 'பார்ச்டு' நிலத்தைப் பார்த்து அழுகிறான் என்று ஒரு வரி. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று முன் பெஞ்சு சுகன்யாவைக் கேட்டார். அவள் விரலால் மூடினாள், யோசித்தாள், எழுந்து நின்றாள்.

"வித்துட்ட நெலம் சார்."

அதிகாரி சிரித்தார். அவர் சிரித்ததால் வகுப்பும் சிரித்தது. சுகன்யாவின் அப்பா நிலத்தைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, அதே நிலத்தில் எழும்பிய கேட்டில் காக்கிச் சட்டை போட்டு நிற்கிறவர் என்பது உனக்குத் தெரியும். அவள் பார்த்த வரையில் விவசாயி நிலத்தைப் பார்த்து அழுவது அதற்காகத்தான். நீ சிரிக்கவில்லை. உன் காது மடல் சிவந்துவிட்டது.

"சார், அவ தப்பு சொல்லல, பாதி சொல்லிக்கீறா. அடுத்த வரி படிக்க உடுங்க, மீதியும் சொல்லுவா."

ரெண்டு வருஷமாக மழை இல்லை, மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது என்று அடுத்த வரி. சுகன்யா படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். "அப்போ விக்கல சார். காஞ்சி பூட்ச்சி."

கைடில் ஒரே சொல்லில் இருப்பதற்கு எதற்கு இவ்வளவு சுற்று என்றார் அதிகாரி. "மூக்க நேராத் தொட்டா இன்னா டீச்சர்?" என்று கேட்டவருக்கு நீ சொன்ன பதிலை நான் இன்றும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். "அது அவ மூக்கு சார். அவ தொடட்டும்."

அதற்குப் பரிசாக உனக்கு ஒரு மெமோ வந்தது. ரயிலில் அதை மடித்து விசிறிக்கொண்டே வந்தாய்.

உன் வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்தபோது நான்தான் கூட இருந்தேன். டாக்டர் உன்னிடம் "ஒண்ணுமில்லம்மா" என்றார். உன் வீட்டுக்காரரை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நீ என் பக்கம் திரும்பி, "எனக்கே மூடி வைக்கிறாங்க பாரு" என்றாய். எழுந்து போய்க் கதவைத் திறந்து, "எங்கிட்டயே சொல்லுங்க டாக்டர்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். வெளியே நின்று அழுதவள் நான்தான்.

சரி, இந்த வருஷக் கதைக்கு வருகிறேன். புதுத் தலைமையாசிரியர் கெட்ட மனிதர் இல்லை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் அவரைத்தான் உலுக்குவார்கள். கைடில் உள்ள சொற்களை மட்டும் நடத்தி வாராவாரம் டெஸ்ட் வையுங்கள், இல்லையென்றால் வகுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். வந்து சோதித்துப் பாருங்கள் என்றேன். போன வாரம் வந்தார். செய்தித்தாளில் இருந்து ஒரே ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதினார். புயலுக்கு முன் மீனவக் குடும்பங்கள் 'எவாக்குவேட்' செய்யப்பட்டன என்று. பொருள் கேட்டார்.

"உஷார் பண்ணாங்க சார்" என்றான் எளாவூர் தினேஷ்.

"பாத்தீங்களா டீச்சர்? தப்பு." அவர் சாக்பீஸை வைத்துவிட்டார்.

"சார், அடுத்த வரி இன்னா சார்?" என்று கேட்டான் தினேஷ். பின் பெஞ்சில் இருந்து இன்னொருத்தி கேட்டாள். அப்புறம் வகுப்பே கேட்டது. "அடுத்த வரி எழுதுங்க சார்!" வேறு வழியில்லாமல் எழுதினார். அவர்கள் அன்றிரவு பள்ளிக் கட்டடத்தில் தூங்கினார்கள் என்று இருந்தது. "அப்போ ஊட்ட உட்டு இட்டுனு போய்ட்டாங்க சார்!" என்று நாலைந்து குரல் ஒன்றாக வந்தது.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே வராந்தாவில், "பரீட்சைல இவ்ளோ நேரம் யாரு குடுப்பா டீச்சர்?" என்றார்.

"கம்பெனில வேலைக்குச் சேரும்போது இங்கிலீஷ்ல ஒரு பேப்பரை நீட்டி கையெழுத்துப் போடச் சொல்வாங்களே, அதுக்கு எந்தக் கடைல சார் கைடு விக்கிது?" என்று கேட்டேன். குரல் தேவைக்கு மேலே ஏறிவிட்டது. வகுப்பு கைமாறிவிட்டது.

வகுப்பைத்தானே எடுக்க முடியும்? சாப்பாட்டு மணி யாருடையது? இன்று மதியம் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. தினேஷ் தட்டோடு வந்தான். "மிஸ், சாப்ட்டுக்கினே படிக்கலாமா?" என்றான். அவன் பின்னால் பாதி வகுப்பு நின்றது. தலைமையாசிரியர் வராந்தாவில் இருந்து பார்த்தார். நான் எழுந்து நிற்கவில்லை.

உன் குரல் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? மங்காமல் இருப்பது உன் கோபம் ஒன்றுதான். நாளானால் எல்லாம் ஆறிவிடும் என்று உன் காரியத்தன்று நாலு பேர் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை, ஆறவிடவும் மாட்டேன். எனக்கும் ஒரு மெமோ வரும். வரட்டும், இந்த வருஷம் வெயில் அதிகம், விசிறிக்கொள்ள ஆகும்.